இடுப்பளவுச் செடி

முழங்காலைக்கூட எட்டாத ஒரு செடியை, இடுப்பளவு வளர்ந்துவிட்டது என்று மனைவியிடம் மூன்று ஆண்டுகள் போனில் சொல்லிவந்தவன் நான். ஒரே நாளில் சொல்லியிருந்தால் அதில் ஒரு துணிச்சலாவது இருந்திருக்கும். எனக்கு அதுவும் இல்லை. ஞாயிறுதோறும் அரை விரல், ஒரு விரல் என்று, செடி வளர்ந்திருக்க வேண்டிய வேகத்தில் பொய்யை வளர்த்தேன். தண்ணீர், எரு எதுவும் கேட்காமல் அது தளதளவென்று வளர்ந்தது. ஐம்பத்து மூன்று வயதில், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன், கடைசியில் உருப்படியாக வளர்த்தது அதைத்தான்.

பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் நான். ஊர் எருத்தேன்பதி. மனைவிக்கும் அதே ஊர்தான். தென்னந்தோப்பு அவள் பேரில், இரண்டு மாடு அவள் பொறுப்பில், நான் அவள் தயவில். நடுவயதில் சிலருக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குக் கனமான புத்தகம் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது. மலைமேல் சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு நண்பரின் பழைய வீடு பூட்டிக் கிடந்தது. ஒரே ஒரு மழைக்காலம் அங்கே இருந்து எழுதி முடித்துவிடலாம் என்றேன். தோப்பையும் மாட்டையும் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவளும் கூட வந்தாள்.

வந்த மறுநாளே அவள் வாசலைக் கொத்திவிட்டாள். ஊரிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த செம்பருத்திக் குச்சிகள், இட்லிப்பூ, இரண்டு ரோஜா. வீட்டுக்குப் பின்னால் பாறை, முன்னால் வானம் தெரியாமல் சில்வர் ஓக் மரங்கள். பத்து மணிக்குமேல் அரைமணி நேரம் வெயில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அந்த இருட்டிலும் அவள் கைக்குக் குச்சிகள் துளிர்த்தன. பிறகு ஒரு காலையில் பார்த்தால் வாசலில் குச்சிகள் மட்டும் நின்றன. மண்ணில் குளம்படிகள். மிளா. மாட்டின் உருவமும் மானின் முகமும் கொண்ட அந்தப் பெரிய மான், காட்டிலிருந்து இறங்கி வந்து துளிரை எல்லாம் சாப்பிட்டுப் போயிருந்தது. அவள் மறுபடி நட்டாள். அது மறுபடி வந்தது. மூன்றாவது முறை அவள் நடவில்லை. மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நான் வெக்கறது இங்க ஒண்ணும் நிக்காதுங்க. நான் ஊருக்குப் போறனுங்க."

"புத்தகம் இன்னும் பாதிகூட ஆகலையே அம்மிணி."

"நீங்க இருந்து முடிங்க. மிளா திங்காத செடி ஒண்ணு இந்த வாசல்ல நின்னு, வேலியாட்ட இடுப்பு ஒசரத்துக்கு வந்துச்சுன்னா சொல்லுங்க. அன்னைக்கு வர்றேன்."

நான் சிரித்தேன். என் தொழிலில் இருக்கும் பெரிய ஆபத்து இது. யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பு வந்துவிடும், அர்த்தம் பிந்தித்தான் வரும். அவள் பஸ் ஏறி, அந்த பஸ் உடுமலை தாண்டியிருக்கும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது: மலைக்கு வந்த மூன்று மாதமும் நான் கதவைச் சாத்திக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னோடு பேசியதைவிடச் செம்பருத்தியோடு பேசியது அதிகம். அதைத்தான் மிளா மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் புத்தகம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. மிளா தொடாத செடி ஒன்று, நிழலில் வளர்வதாக, எப்போதும் பச்சையாக, இடுப்பளவு. அது வந்தால் அவள் வருவாள். இதைவிடத் தெளிவான நிபந்தனை ஒரு கல்யாணத்தில் வேறு எங்கும் போடப்பட்டிருக்காது.

அடிமாலி போகும் சாலையில் நர்சரி வைத்திருக்கும் ஒருவர்தான் அதைக் காட்டினார். மலையாளி. தமிழை எதிரில் நிற்பவருக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்வார். வடக்கே ஏதோ மலை ஊரிலிருந்து வரவழைத்த செடியாம். பிளம் யூ என்றார். பைன் மரத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் உறவுக்காரர்களின் முரட்டுத்தனம் இல்லை. ஊசி இலைதான், தொட்டால் குத்தாது. ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு பக்கமும் வரிசையாக, சீப்பின் பல் மாதிரி. பச்சை என்றால் கறுப்புக்குப் பக்கத்து வீட்டுப் பச்சை.

"சாறே, இதுக்கு வெயில் வேண்டா. மான் தின்னாது. வருஷம் முழுக்கப் பச்சை."

"அப்புறம்?"

"பக்ஷே... ஆனா, மெதுவாத்தான் வளரும்."

எல்லா ஜாதகத்திலும் இப்படி ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. பன்னிரண்டு செடி வாங்கி வந்தேன்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எருத்தேன்பதியில் மழை மலைக்கு அந்தப் பக்கமே தன்னைக் காலி செய்துகொண்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். ஆகவே எங்களுக்குப் பாசம் என்றால் தண்ணீர். வழியில் பார்த்தால் "சாப்டீங்களா" என்று கேட்பதற்குமுன் "தண்ணி உட்டாச்சுங்களா" என்று கேட்பார்கள். தென்னைக்கு அடியில் ஆள் படுக்கிற அளவுக்கு வட்டப்பாத்தி வெட்டி, எருவைக் கொட்டி, போர்வெல் தண்ணீர் தளும்ப நிறுத்துவதைப் பார்ப்பதுதான் எங்களுக்கு மாலைநேரப் பொழுதுபோக்கு. தோப்பு என் பேரில் இல்லாவிட்டாலும் அந்தப் புத்தி என் ரத்தத்தில் இருந்தது. பன்னிரண்டு செடிக்கும் பன்னிரண்டு வட்டப்பாத்தி வெட்டினேன். எரு போட்டேன். காலையும் மாலையும் வாளியில் சுமந்து நிரப்பினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி, மழையில் நனைந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதில் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்தது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். பேச்சில் திருநெல்வேலியும் எஸ்டேட்டும் கலந்திருக்கும். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன சார் பண்ணுதீங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறேன்க்கா."

"எங்க சபையில ஆயுசுக்கு ஒரு தடவதான் சார் ஞானஸ்நானம். நீங்க தெனம் ரெண்டு தடவ குடுக்கீங்க. செடி நேரா பரலோகம் போயிரும், பாத்துக்கங்க."

அவர் சொன்னபடியே ஆயிற்று. மூன்று வாரத்தில் நுனி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நாலு செடி போய்ச்சேர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழைய சோறு மாதிரி கையோடு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அக்காவே மண்வெட்டியோடு வந்தார். பாத்திகளை மூடினார். மிச்ச எட்டுச் செடிகளையும் மண்ணோடு பெயர்த்து, அடியில் சரளைக்கல் போட்டு, தரையைவிட உயரமாக மண்ணைக் கூட்டி, அதன்மேல் வைத்தார். வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"வாளி என்னோடதுக்கா."

"தெரியும் சார். செடி வேர் புடிக்கட்டும், தாறேன்."

வாளி திரும்பி வர ஓர் ஆண்டு ஆயிற்று. அதற்குள் செடிகள் பிழைத்துவிட்டன. சும்மா விட்டதால் பிழைத்தன என்பதை ஒரு விவசாயக் குடும்பத்து ஆள் ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் யாரிடமாவது கேட்டால் தெரியும்.

இனிப் பொய்க்கு வருகிறேன். அந்த வீட்டில் போன் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று: வாசல் கோடி, ஐந்தாவது செடிக்கும் ஆறாவது செடிக்கும் நடுவில். ஒரு காலை முன்னே வைத்தால் சிக்னல் போய்விடும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, மாட்டில் பால் கறந்து முடித்துவிட்டு, அவள் கூப்பிடுவாள். நான் அங்கே தொப்பியும் ஸ்வெட்டருமாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி, ஐந்தரைக்கே போய் நின்றுவிடுவேன். வாரத்தில் மனிதக்குரல் கேட்கும் நேரங்களில் அது ஒன்று. பக்கத்து வீட்டு அக்காவைத் தவிர்த்தால், மற்றபடி குக்கர் பேசும், அதற்கு நான் பதில் சொல்வேன். மூன்று விசில் வந்ததும் "சரி சரி, கேட்டுச்சு" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று ஞாபகமில்லை. டீ போடும்போது இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றை மறுபடி கவிழ்த்து வைக்கும் பழக்கம் மட்டும் முதல் வாரத்திலிருந்தே உண்டு.

"செடி எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்கு."

"எத்தன ஒசரம்?"

அப்போது என் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. குனிந்து பார்த்தேன். "முழங்காலுக்கு வந்துட்டுது" என்றேன்.

"அட, பரவால்லீங்களே!"

அந்த 'அட'வுக்காகத்தான் எல்லாம். மழை எவ்வளவு, மாடு எவ்வளவு கறந்தது, தம்பி மகனுக்குப் பரீட்சை என்றெல்லாம் பேசி முடிந்தபின், செடி விஷயத்தில் மட்டும் அவள் குரலில் ஒரு விளக்கு எரியும். அடுத்த ஞாயிறு அந்த விளக்கை மறுபடி ஏற்ற, செடியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். இரண்டாவது ஆண்டு முடிவில் தொடை. மூன்றாவது ஆண்டு முடிவில் இடுப்பு. இடுப்பு என்று சொன்ன ஞாயிறு அவள் 'அட' சொல்லவில்லை. "ஒரு போட்டோ அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நான் ஈர மண்ணில் சாக்கு விரித்துக் குப்புறப் படுத்தேன். தாடையைத் தரையில் ஊன்றி, போனை மூக்கருகே பிடித்து, செடியை அண்ணாந்து எடுத்தேன். படத்தில் அது ஒரு காடு மாதிரி தெரிந்தது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. தலைக்குமேல் பேச்சுக் குரல்.

"ஐயோ, என்ன சார், விழுந்துட்டீங்களா?" கோழியைத் தேடி வந்த பக்கத்து வீட்டு அக்கா.

"இல்லக்கா. போட்டோ."

"யாருக்கு?"

"வீட்டுல."

அவர் என்னைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். போனில் இருந்த காட்டைப் பார்த்தார். "பாவம் சார் அவுங்க" என்றார். 'நீங்க' என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

கோழி அங்கே வந்ததற்கும் நான்தான் காரணம். செடி வைத்த முதல் ஆண்டிலேயே, ஒரு சாயங்காலம், மூடுபனி இறங்கும் நேரத்தில், மிளா வந்தது. பெரிய பெட்டை. செடிகளின் வரிசையில் மூக்கை வைத்து நடந்தது. ஒரு குச்சியைக் கடித்து, உதட்டைச் சுருக்கி, துப்பியது. பிறகு ஜன்னலுக்குள் இருந்த என்னை ஒரு முறை பார்த்தது. ஓட்டலில் வாயில் வைக்க முடியாத சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டுக் கல்லாவில் இருப்பவரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. போய்விட்டது. மறுபடி வரவே இல்லை.

ஒரு வாரம் எனக்கு வெற்றிக் களிப்பு. அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் வாசலில் குளம்படி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். வேறு யாருடைய காலடியும் அங்கே பதியப்போவதில்லை. தபால் கீழே டீக்கடையோடு நின்றுவிடும், பாலும் அப்படியே. அவள் இருந்தபோது அவளைத் திட்டவைத்த அந்தக் குளம்படிகள் இல்லாத ஈர மண் வழுவழுவென்று, யாரும் எழுதாத தாள் மாதிரி கிடந்தது. எழுதாத தாள் எனக்கு ஏற்கெனவே உள்ளே மேசைமேல் நிறைய இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மிளா வராமலிருக்கச் செடி நட்ட அதே வாசலில், மிளா வருவதற்காக வாழைப்பழத் தோலும் மிச்சச் சோறும் வைத்தேன். மிளா வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்தன. வந்தவை வழக்கமாக வரத் தொடங்கின.

போட்டோ போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: 'வெள்ளிக்கிழமை வர்றேன்.'

மூன்று ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. நர்சரிக்கு ஓடினேன். இடுப்பளவில் எட்டுச் செடி வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள், என்ன விலையானாலும். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"சாறே, அந்த அளவு வர எனக்கே பத்துப் பதினைஞ்சு வருஷம் ஆகும். அதுவும் உங்களோடது மேல போகாது."

"ஏன்?"

"அது பக்கக் கொம்புல வெட்டி வெச்ச நாத்து. நடுக்கொம்புல எடுத்தா மேல போகும். பக்கத்துல எடுத்தா ஆயுசுக்கும் பக்கத்துலதான் படரும். தரைய மூட நல்ல செடி."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"வேலிக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சாறே. மான் தின்னக்கூடாதுன்னுதானே கேட்டீங்க?"

எனக்கு என்ன வேண்டும் என்பதை யாரிடமும் முழுசாகச் சொல்லாமலே ஐம்பத்து மூன்று ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நானும் மேலே போகாமல் பக்கவாட்டில் மட்டும் படர்ந்திருந்தேன். என்னையும் அப்படித்தான் எங்கிருந்தோ வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை, செடிக்கு அடியில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடலாமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் யோசனை கேட்டேன். "முக்காலிமேல ஏறி நின்னா ஆளு நெட்டையாயிருவாங்களா சார்?" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். கையில் ஒரு பை, பையில் தேங்காய். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள் வாசலைப் பார்த்தாள். எட்டுச் செடிகளும், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும், கரும்பச்சையாகத் தரையோடு விரிந்து கிடந்தன. எழுந்து நிற்கும் எண்ணம் எதற்கும் இல்லை. நான் இரண்டு நாளாகத் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கினேன். நாற்று, பக்கக் கொம்பு, நர்சரிக்காரர்.

"உடுங்க" என்றாள். "எனக்குத் தெரியுமுங்க."

"எப்படி?"

"போட்டோவுல செடிக்குப் பின்னால ஒரு கோழி நின்னுச்சு. கோழி செடியவிட ஒசரம். ஒண்ணு செடி இத்துனூண்டா இருக்கோணும், இல்லீன்னா மலையில கோழி கன்னுக்குட்டியாட்ட இருக்கோணும்." பையைத் திண்டில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, ஒரு குச்சியை விரலால் தடவினாள். "குத்தறதில்லீங்களே. மெத்துன்னு இருக்குது."

"தெரிஞ்சுமா வந்தே?"

"மனுசன் இந்த வயசுல மண்ணுல படுத்துப் போட்டோ எடுத்துருக்கறாரேன்னுதான் வந்தேன். ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு."

நாலு நாள் இருந்தாள். அந்த நாலு நாளும் நான் அறைக்கதவைச் சாத்தவில்லை. அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு வேலியோரம் நின்று, ஆளுக்கொரு தமிழில் மணிக்கணக்காகப் பேசினாள். இடையிடையே சிரிப்புச் சத்தம் வரும். நான் போனால் நின்றுவிடும். காய்ந்த குச்சி இரண்டை ஒடித்தாள், உதிர்ந்த ஓக் இலையைச் செடிமேலிருந்து பொறுக்கினாள். புதிதாக எதுவும் நடவில்லை. அதைக் கவனித்தேன். கேட்கவில்லை. காலையில் இரண்டு டம்ளரையும் நிமிர்த்தி வைத்து டீ ஊற்றும்போது, 'இங்கேயே இருந்துவிடேன்' என்று சொல்ல வாயெடுப்பேன். சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். சினை மாடு நாள் நெருங்குகிறது என்று செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஐந்தாவது செடிக்கும் ஆறாவது செடிக்கும் நடுவில் நின்றேன். மாடு கன்று போட்டுவிட்டதாம். பெண் கன்று, கிடாரி. மழை இல்லையாம். பேச்சு தீர்ந்து, அவள் வைத்துவிடப் போகும் இடத்தில், நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"அம்மிணி, நீ இங்கயே வந்துடு. இல்லன்னா நான் அங்க வந்துடறேன். தனியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று காலைக்கூட அசைக்காமல் நின்றேன்.

"பொஸ்தகத்தப் பாதியில உட்டுட்டு நீங்க இங்க வந்தா, நான் கெடுத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லுவீங்க. முடிச்சுட்டு வாங்க" என்றாள். "நான் அங்க வர்றதுன்னா பழைய பேச்சுத்தானுங்க. செடி நெசமாலுமே இடுப்புக்கு வரட்டும். அன்னைக்கே பொட்டியக் கட்டீர்றேன்." சிரித்தாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

ஆயுசுக்கும் மேலே போகாத எட்டுச் செடிகளைப் பார்த்தபடி அங்கேயே நின்றேன். கோழிகளைக் கூட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"யாரு இடுப்புன்னு சொன்னாங்களா சார்? கோழி இடுப்புன்னா அது போன வருசமே வந்துருச்சே."